ஊசியா, கிளிப்பா

கோபம் வந்தால் மற்ற வீடுகளில் பாத்திரம் உருளும். பிளக் அக்கா வீட்டில் கார்புரேட்டர் கழுவப்படும். அவள் பட்டறைக்குள் போய், அலமாரியிலிருந்து பழைய கார்புரேட்டர் ஒன்றை எடுத்து, அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றி, பெட்ரோல் தட்டில் போட்டுப் பல் தேய்க்கிற பிரஷால் தேய்க்க ஆரம்பித்துவிட்டாள் என்றால், வீட்டில் இருப்பவர்கள் தாங்களே டீ போட்டுக் குடித்துக்கொள்வது உத்தமம். மகள் பாப்பாவுக்கு அடிபட்ட நாளிலிருந்து பட்டறையில் அழுக்குக் கார்புரேட்டர் என்று ஒன்றுகூட மிச்சமில்லை. கழுவியதையே மறுபடி கழுவிக்கொண்டிருந்தாள்.

பட்டறை வீட்டுக்குப் பின்னால், தகரக் கூரைக்குக் கீழே இருந்தது. ரேஸ் ஓட்டுகிற கார்ட் வண்டிகளுக்கு எஞ்சின் பார்க்கிற இடம். கார்ட் என்றால் தரையோடு தரையாகக் கிடக்கும் குட்டி வண்டி. நாலு சக்கரம், ஒரு சீட்டு, சீட்டுக்குப் பக்கத்திலேயே எஞ்சின். கூரை கிடையாது, கதவு கிடையாது, இடுப்புக்கு ஒரு பெல்ட்டுகூடக் கிடையாது. இதெல்லாம் ஒரு வண்டியா என்று சிரிக்கிறவர்கள், அது நேர்ரோட்டில் போகிற வேகத்தை ஒருமுறை பார்த்தால் சிரித்த வாயை மூடிக்கொள்வார்கள்.

அக்காவின் புருஷனை எல்லோரும் ட்யூனர் என்றுதான் கூப்பிடுவார்கள். நல்ல வேலைக்காரர். அது அவருக்கே தெரியும் என்பதுதான் சங்கடம். ஓடி வந்த எஞ்சினிலிருந்து ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அதன் நிறம் பார்த்து எஞ்சினுக்கு உடம்புக்கு என்ன என்று சொல்வது அக்காவின் வேலை. அதனால் அவள் பிளக் அக்கா. வெளுத்திருந்தால் எஞ்சின் பட்டினி, பெட்ரோல் போதவில்லை. கறுத்து ஈரமாக இருந்தால் தீனி அதிகம். பிஸ்கட் நிறத்தில் இருந்தால் வாயைப் பொத்திக்கொண்டு அப்படியே விட்டுவிட வேண்டும். மூன்றாவது ஆள் அக்காவின் தம்பி, ஸ்பேனர். கழற்றுவது மாட்டுவது எல்லாம் அவன். பட்டறைக்கு மேலே இருந்த ஒற்றை அறையில்தான் குடியிருந்தான். வண்டியை ஓட்டுவது பாப்பா. பாப்பா என்று பெயர்தானே ஒழிய, அப்பனைவிட அரைத்தலை உயரம்.

நடந்தது புரிய வேண்டுமானால் ஊசியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லித்தான் ஆக வேண்டும். கார்புரேட்டருக்குள் ஓர் ஊசி தொங்குகிறது. பெட்ரோல் வருகிற துளைக்குள் அதன் கூர் இறங்கி நிற்கும். ஊசி ஏறினால் பெட்ரோல் கூடும், இறங்கினால் குறையும். ஊசியின் தலைமாட்டில் சின்னச் சின்ன வெட்டுகள் இருக்கும். அதில் ஒன்றில் நகக்கண் அளவுக்கு ஒரு கிளிப்பை மாட்டியிருப்பார்கள். அந்தக் கிளிப்பைப் பிடித்துக்கொண்டுதான் ஊசி தொங்குகிறது. வில்லங்கம் இங்கேதான். கிளிப்பை ஒரு வெட்டு இறக்கினால் ஊசி ஏறிவிடும். ஊசி இறங்க வேண்டுமானால் கிளிப்பை ஏற்ற வேண்டும். ஆகவே இந்தத் தொழிலில் "ஒண்ணு இறக்கு" என்று மொட்டையாகச் சொன்னால், எஞ்சினுக்குச் சோறு போடு என்றும் எடுத்துக்கொள்ளலாம், பட்டினி போடு என்றும் எடுத்துக்கொள்ளலாம். ட்யூனர் தன் வாழ்நாளில் மொட்டையாகத்தான் சொல்லியிருக்கிறார். பட்டறையில் சாவகாசமாக இருக்கும்போது அவர் சொன்னால் அது பெரும்பாலும் ஊசி. ரேஸ் மைதானத்தில் சொன்னால் பெரும்பாலும் கிளிப். பெரும்பாலும்.

அன்றைக்குக் காலையில் நல்ல வெயில். ரேஸுக்கு வண்டிகள் வரிசையில் நிற்கப் போகிற நேரத்தில் மேகம் மூடி, குளுகுளுவென்று காற்று அடித்தது. குளிர்ந்த காற்று அடர்த்தி. அடர்த்தியான காற்றை விழுங்குகிற எஞ்சினுக்குப் பெட்ரோலும் கூடவே போட வேண்டும். ட்யூனர் கீழே கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தைக் கழற்றி, பெட்ரோலை அளந்துவிடுகிற துளைத் திருகான ஜெட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். மேலே மூடியைக் கழற்றி ஊசியைக் கையில் வைத்திருந்தான் ஸ்பேனர். "ஒண்ணு இறக்கு" என்றார் அவர். அவர் நினைத்தது கிளிப்பை. அவன் இறக்கியது ஊசியை. நேர்ரோட்டின் கடைசியில் பட்டினி கிடந்த பிஸ்டன் சூடேறி இறுகிப் பிடித்துக்கொண்டது. பின்சக்கரம் பூட்டி வண்டி குறுக்கே சுழன்று நிற்க, பின்னால் வந்த வண்டி அதன்மேல் ஏறியது. பாப்பாவின் இடது முன்கையில் இரண்டு எலும்பும் முறிந்தன. உள்ளே தகடு வைத்துத் தைத்து அனுப்பினார்கள்.

அக்கா அப்போது டயர்க் கூடாரத்தில் இருந்தாள். பாப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு வந்து, கார்புரேட்டரைத் திறந்து ஊசியைப் பார்த்தபோதுதான் அவளுக்கு விஷயம் தெரிந்தது. மறுநாள் ஆஸ்பத்திரி வராந்தாவில் தம்பி எதையோ சொல்ல வாயெடுத்தான். அவன் முகத்தைப் பார்க்கவே அவளுக்கு எரிந்தது. சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். அதோடு போனவன் அப்புறம் வீட்டுப் பக்கம் வரவே இல்லை.

ட்யூனருக்கோ அன்று திறந்த வாய் அப்புறம் மூடவில்லை. டீம்காரன், டயர் விற்கிறவன், தெருமுனை டீக்கடைக்காரன் என்று கண்ணில் பட்டவரிடமெல்லாம் கத்தினார்.

"இத்தனை வருஷமா கையில பிடிச்சுக் கத்துக்கொடுத்தேன். மேலே மேகம் மூடிக் கிடக்கு, இவன் ஊசியை இறக்கறான்! என் பொண்ணைக் கொல்லப் பாத்தான். அவன் கை பட்ட எஞ்சின் இனி விளங்குமா?"

கடைசியில் ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே சொன்னார்.

"மேல ரூம்ல டயரு அடுக்கணும். அவன் துணிமணியை எல்லாம் கொண்டுபோய்க் கொடுத்துட்டு வந்துரு."

"அவனே வந்து எடுத்துக்கட்டும்."

"இந்த வாசலை அவன் மிதிக்கக் கூடாது."

பாப்பா ஒரு கையால் முட்டையை உரித்துக்கொண்டிருந்தாள். உரிப்பதை நிறுத்திவிட்டு எழுந்து போய்விட்டாள். மாமாவை அவர் ஊரெல்லாம் திட்டத் தொடங்கியபோதே அப்பனோடு அவள் பேசுவது நின்றுபோயிருந்தது.

அக்கா துணிகளை ஒரு பையில் திணித்துக்கொண்டு கிளம்பினாள். தம்பியை நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிட வேண்டும் என்ற வேகமும் அவளுக்கு இருந்தது. புல்வெட்டும் மெஷின் ரிப்பேர் பார்க்கிற கடையில் சேர்ந்திருக்கிறான் என்று கேள்விப்பட்டிருந்தாள். கடை பஸ் டிப்போவுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது. வாசல் முழுக்கக் காய்ந்த புல்லும் கரியெண்ணெயும். அவன் தரையில் குந்தி, ஒரு துருப்பிடித்த மெஷினின் கயிற்றைச் சுண்டி இழுத்துக்கொண்டிருந்தான். இளைத்துப்போயிருந்தான். அதைப் பார்த்தும் அவளுக்கு இரக்கம் வரவில்லை.

"இந்தா உன் துணி. ரூம்ல டயரு வைக்கப் போறாராம்."

"சரிக்கா. பாப்பா கை எப்படி இருக்கு?"

"கேக்கறியா நீ? ஏன்டா, உனக்கு மூளை மண்ணாங்கட்டியா? காத்து குளிருது, கண்ணு முன்னாடி மேகம் நிக்குது. ஊசியை இறக்கலாமாடா? சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியுமேடா!"

அவன் கயிற்றை விட்டுவிட்டு எழுந்தான். "தெரியும்க்கா. அதனாலதான் கேட்டேன்."

"என்னத்தைக் கேட்டே?"

"ஊசியா, கிளிப்பான்னு கேட்டேன். அத்தான் கையில ஜெட்டு வெச்சிருந்தாரு. பெருசு போட்டுட்டாரோ, அதுக்கு ஈடா ஊசியில குறைக்கச் சொல்றாரோன்னு ஒரு சந்தேகம். 'எதை இறக்கணும் அத்தான், ஊசியா கிளிப்பா'ன்னு கேட்டேன். பதில் வரல. மறுபடியும் கேட்டேன்."

"அதுக்கு?"

"'சொன்னதைச் செய்டா, வரிசை கிளம்பிருச்சு'ன்னு கத்தினாரு."

அக்கா பையைக் கீழே வைத்தாள். "கத்தினா? நீயே யோசிச்சுக் கிளிப்பை இறக்க வேண்டியதுதானே?"

"அதுக்கு முந்தின ரேஸ்ல அப்படித்தான் நானா யோசிச்சு ஒண்ணு செஞ்சேன். 'உன் மூளையை யாருடா கேட்டா, நான் சொல்றதுக்குத்தான் உனக்குக் கை இருக்கு'ன்னு அத்தனை பேர் முன்னாடி திட்டினாரே, நீயும் இருந்தியே. அந்த ஜெட்டைப் பாத்துட்டு ஊசின்னு நெனச்சுட்டேன். என் தப்பும் இருக்கு. இல்லேன்னு நான் சொல்லலக்கா."

"இத்தனை நாளா இதை ஏன்டா யார்கிட்டயும் சொல்லல?"

"அத்தான் சொல்லுவாருன்னு நெனச்சேன்."

அவன் அதைக் குத்திக்காட்டச் சொல்லவில்லை. நிஜமாகவே அப்படித்தான் நினைத்திருந்தான். அதுதான் அக்காவுக்குப் பொறுக்கவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் இவன் வாயெடுத்ததும், தான் சுவரைப் பார்த்துத் திரும்பியதும் ஞாபகத்துக்கு வந்தது.

"இங்க எவ்வளவு நாளைக்குடா இருப்பே?"

"வேற எங்க போறது? பக்கத்து டீம் தொப்பிக்காரரு முன்னாடியெல்லாம் என்னைப் பாக்கறப்போ, 'எங்க டீமுக்கு வந்துடேன்டா'ம்பாரே. நம்ம வீட்டு வேலையை விட்டுட்டு எப்படி வர்றதுன்னு சிரிச்சுக்கிட்டே போயிருவேன். போன வாரம் நானே தேடிப்போய்க் கேட்டேன். டீ வாங்கிக் கொடுத்தாரு. யோசிக்கறேன்னாரு. யாரும் எஞ்சின்ல என்னைக் கை வைக்க விட மாட்டாங்கக்கா. பொண்ணைக் கொல்லப் பாத்தவன்னுல்ல பேரு."

அக்கா அங்கேயே அழுதிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவளுக்கு அழுகை வரவில்லை. காது இரண்டும் சூடாகிவிட்டன. "பையை எடுத்து உள்ள வை" என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தாள். பஸ் வந்தும் ஏறாமல் வீடு வரைக்கும் நடந்தே போனாள்.

ட்யூனர் பட்டறையில் புதுப் பிஸ்டனுக்கு வளையம் மாட்டிக்கொண்டிருந்தார். அவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"அன்னைக்கு அவன் உங்ககிட்ட ஏதாவது கேட்டானா?"

"என்னைக்கு?"

"தெரியாத மாதிரி நடிக்காதீங்க. எதை இறக்கணும்னு கேட்டானா இல்லையா?"

வளையம் அவர் விரலிலிருந்து நழுவியது. எடுத்துத் துணியில் துடைத்தார். துடைக்க அதில் ஒன்றும் இல்லை.

"ஓஹோ, போய்க் கதை கேட்டுட்டு வந்துட்டியா? சுத்தி அத்தனை எஞ்சின் அலறுது. அவன் கேட்டது எனக்கு எங்க காதுல விழுந்துது?"

"விழலேன்னா, 'சொன்னதைச் செய்டா'ன்னு யாருக்குப் பதில் சொன்னீங்க? எஞ்சினுக்கா?"

ட்யூனர் பிஸ்டனை மேஜைமேல் வைத்துவிட்டு வெளியே போய்விட்டார். அக்கா அன்றைக்குக் கார்புரேட்டர் எதையும் கழுவவில்லை. இது கழுவித் தீர்க்கிற கோபம் இல்லை என்று அவளுக்கே தெரிந்தது. தப்பு எல்லோருக்கும் வரும். அவசரத்தில் வாய் குழறும், கை தவறும். ஆனால் தப்பில் தன் பாதியையும் அடுத்தவன் தலையில் கட்டிவிட்டு, ஊர் முழுக்கப் போய் நெஞ்சில் அடித்துக்கொண்டு கத்துவது என்ன ஜென்மம்? அந்த மனுஷனோடுதானா ஒரே தட்டில் சாப்பிட்டு இத்தனை காலம் ஓட்டியிருக்கிறோம்?

பாப்பாவின் கைக்கட்டைப் பிரித்து, பிடி வலுவாகி, ஓட்டலாம் என்று டாக்டர் சொன்ன பிறகு அடுத்த ரேஸ் வந்தது. ஓட்டியே தீருவேன் என்று நின்றாள் பாப்பா. புது ஆள் ஒருவனை வேலைக்குப் பிடித்துவருவதாகச் சொன்னார் ட்யூனர்.

"என் பொண்ணு உட்கார்ற வண்டியில கண்டவன் கை வைக்க வேண்டாம். ஊசியை நான் பாத்துக்கறேன்" என்றாள் அக்கா.

ரேஸ் மைதானத்தில் காலையிலேயே தூறல் போட்டு விட்டிருந்தது. கூடாரத் துணியின் ஓரத்தில் தண்ணீர் சொட்டியது. எரிந்த எண்ணெய் வாசனை, ரப்பர் வாசனை, யாரோ பன்னில் வெண்ணெய் தடவிச் சுடுகிற வாசனை எல்லாம் ஒன்றாகக் கலந்து வீசின. அடுத்த கூடாரம் தொப்பிக்காரருடையது. தலையில் முடி போனதிலிருந்து தொப்பியைக் கழற்றாத மனிதர். பாப்பாவைப் பார்த்ததும் கை எப்படி இருக்கிறது என்று அன்பாக விசாரித்தார். ட்யூனருக்கு அது போதுமானதாக இருந்தது.

"ஏதோ தப்பிச்சா. அந்தத் தறுதலையை இன்னும் வெச்சிருந்தா என்ன ஆகியிருக்குமோ!"

அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு வண்டியின் மறுபக்கம் போனாள்.

பயிற்சி ஓட்டம் முடிந்து பாப்பா வந்து நின்றாள். அக்கா பிளக்கைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். நுனி வெளுத்திருந்தது.

"பட்டினி" என்றாள்.

"ம்" என்றார் ட்யூனர். பெண் மறுபடி அந்தச் சீட்டில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததிலிருந்தே அவருக்கு வியர்த்துக்கொண்டிருந்தது. கீழே கிண்ணத்தைக் கழற்றி, டப்பாவிலிருந்து ஒரு ஜெட்டைத் தேடி எடுத்தார். அக்கா மேல்மூடியைக் கழற்றி ஊசியை உருவினாள். வரிசைக்கு வரச்சொல்லி ஒலிபெருக்கி அலறியது.

"ஒண்ணு இறக்கு" என்றார் அவர்.

அக்கா அவர் கையைப் பார்த்தாள். கையில் இருந்த ஜெட்டு பெரிதா சிறிதா, போட்டுவிட்டாரா போடப் போகிறாரா, ஒன்றும் தெரியவில்லை. வம்புக்காக அவள் கேட்கவில்லை. தெரியாமல்தான் கேட்டாள்.

"எதை? ஊசியையா, கிளிப்பையா?"

அவர் ஜெட்டைத் திருகிக்கொண்டிருந்தார்.

"ஏங்க, எதை இறக்கணும்?"

"சொன்னதைச் செய்யேன்டி! வரிசை கிளம்புதுல்ல?"

அக்கா எழுந்து நின்றாள். ஊசி ஒரு கையில், கிளிப் மறு கையில். கிளிப் இருந்த கையை இறுக மூடிக்கொண்டாள்.

"செய்ய மாட்டேன்."

"என்னடி சொல்றே?"

"எதைன்னு சொல்லாம செய்ய மாட்டேன். என் தம்பி செஞ்சு பாத்துட்டான். நானும் செஞ்சு, நாளைக்கு என்னையும் ஊர் முழுக்கத் தறுதலைன்னு சொல்லுவீங்க."

"இங்க வெச்சு என்ன பேச்சு இது? எல்லாரும் பாக்கறாங்க. மாட்டு முதல்ல."

"பாக்கட்டும். எல்லாரும் பாக்கத்தானே அன்னைக்குக் கத்தினீங்க? அவன் உங்களைக் கேட்டான். இப்ப நான் கேட்ட மாதிரியே ரெண்டு வாட்டி கேட்டான். எனக்குச் சொன்னதையே அவனுக்கும் சொன்னீங்க. பிள்ளை கை முறிஞ்சதும் அவன் கேட்டதை மட்டும் முழுங்கிட்டீங்க."

ட்யூனரின் முகம் சுண்டிப்போயிற்று. குரலைத் தாழ்த்தினார்.

"வேற என்னடி பண்ணச் சொல்றே? நான்தான்னு சொன்னா பாப்பா மூஞ்சியில எப்படி முழிக்கிறது?"

"அதுக்கு என் தம்பி மூஞ்சிதான் கிடைச்சுதா கரி பூச?"

அவள் குரல் கூடாரத்தைத் தாண்டிப் போயிற்று. தொப்பிக்காரரின் ஆட்கள் கையிலிருந்த வேலையை நிறுத்திவிட்டார்கள். ஹெல்மெட்டோடு சீட்டில் உட்கார்ந்திருந்த பாப்பா அம்மாவின் வாயையும் அப்பாவின் வாயையும் மாறி மாறிப் பார்த்தாள். ஹெல்மெட்டைக் கழற்றினாள். காதிலிருந்த பஞ்சையும் பிடுங்கி எறிந்தாள்.

"அப்பா" என்றாள். எத்தனையோ நாளுக்குப் பிறகு அவள் அவரிடம் பேசியது அதுதான். "மாமா உங்களைக் கேட்டாரா?"

ட்யூனர் ஈரத் தரையைப் பார்த்தார். "கேட்டான்."

"யாருக்குச் சொல்றீங்க, தரைக்கா?" என்றாள் அக்கா. "அன்னைக்குக் கத்தினீங்கல்ல, அந்தச் சத்தத்துல சொல்லுங்க."

"கேட்டான்!" என்று கத்தினார் அவர். "கேட்டான், கேட்டான், போதுமா?"

தொப்பிக்காரர் கையைத் துடைத்துக்கொண்டே பக்கத்தில் வந்துவிட்டார். அவருக்கு விளங்கவில்லை. "யாரு? என்ன கேட்டான்?" என்றார்.

தப்பித்துப் போக ட்யூனருக்கு வழியில்லை. முன்னால் வண்டி, பக்கத்தில் பெண்டாட்டி, கீழே பெண்.

"ஸ்பேனருதான். ஊசியை இறக்கணுமா, கிளிப்பை இறக்கணுமான்னு கேட்டான். நான் சரியா பதில் சொல்லல. அவன் மேல எரிஞ்சு விழுந்தேன். நான் நெனச்சது ஒண்ணு, அவன் எடுத்துக்கிட்டது ஒண்ணு."

"அப்போ அவன் தப்பு இல்லையா?"

"அவனோடது மட்டும் இல்ல."

மைதானத்தில் வண்டிகள் ஒவ்வொன்றாக உயிர் பெற்று அலறத் தொடங்கின. வரிசைக்குப் போகிற கேட்டை யாரோ இழுத்து மூடினார்கள். பாப்பா வண்டியிலிருந்து எழுந்து, தகடு வைத்த கையை மறு கையால் பிடித்துக்கொண்டு அம்மா பக்கம் வந்து நின்றாள்.

"அன்னைக்கு வந்தான். டீயை வாங்கிக் கொடுத்து அனுப்பிட்டேன்" என்றார் தொப்பிக்காரர், தனக்குத்தானே சொல்வது போல. பிறகு சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தார். "அவன் நம்பர் இருக்கா?"

ட்யூனர் நிமிர்ந்தார். "அண்ணே, அவன் நம்ம ஆளு. நம்ம வீட்டுப் பையன். நானே போய்க் கூட்டிட்டு வந்துருவேன்."

"நேத்து வரைக்கும் யாரு ஆளாம்?" என்று கேட்டாள் அக்கா.

கேட்டுவிட்டு அவர் பக்கம் திரும்பவே இல்லை. தொப்பிக்காரரைப் பார்த்து, எஞ்சின்களின் இரைச்சலுக்கு மேலே, தம்பியின் நம்பரை ஒவ்வொரு எண்ணாக நிறுத்திச் சத்தமாகச் சொல்லத் தொடங்கினாள்.